மற்ற ஆள்

இயந்திரம் இரண்டாவது தடவையும் மறுத்தது.

சத்தியபாமா கார்ட்டை வெளியே எடுத்து, மேல்சட்டையின் ஓரத்தில் துடைத்து, மறுபடி செருகினாள். பிழை கார்ட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் துடைக்கிற நேரத்துக்காவது பின்னால் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம்.

"அன்ரி, நான் கட்டிவிடட்டோ?" பின்னாலிருந்து, தெரிந்த தமிழ்ப் பிள்ளை கம்சிகாவின் குரல். ஒஸ்லோவின் ஓரத்து ஹொல்ம்லியாவில் ஒரு தமிழ் ஆள் கடையில் தும்மினால், ரயில் நிலையத்துக்குப் போகுமுன் மூன்று பேர் மருந்து சொல்லிவிடுவார்கள். காசில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

"வேண்டாம் பிள்ளை. வெளியிலை சரியான குளிரெல்லே, கார்ட்டுக்கும் விறைச்சுப்போச்சு. நீ முன்னுக்குப் போ."

கோழியையும் பாலையும் ஓரமாக வைத்துவிட்டுக் கைபேசியைத் திறந்தாள். வீட்டுக் கணக்கு சிவப்பு எழுத்தில் இருந்தது. தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. இருவருடைய சம்பளமும் போய் விழுகிற கணக்கு அது. அன்று காலை கரண்ட் பில் போயிருந்தது. நவம்பர் மாதக் கரண்ட் பில் என்றால், ஏதோ அவர்கள் வீட்டைச் சூடாக்காமல் ஒஸ்லோ முழுவதையும் சூடாக்கியதுபோல் வந்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் வீட்டு லோனும் போகவேண்டும்.

அப்போதுதான் அந்தக் கடன் கார்ட் அவள் கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு பெடியன், கையெழுத்துப் போட்டால் சூட்கேஸ் இலவசம் என்றான். சூட்கேஸ் இரண்டு தடவை ஊருக்குப் போய்ச் சில்லுடைந்தது. கார்ட் ஒரு தடவையும் எங்கேயும் போகாமல் கைபேசிக்குள் இருந்தது. அதன் கீழே ஒரு பொத்தான்: 'உங்கள் கணக்குக்கு மாற்றவும்.'

அழுத்தினாள். அவ்வளவுதான். சிவப்பு கறுப்பானது.

கோழிக்கும் பாலுக்கும் காசு கட்டி, பெருமிதமாகவே வெளியே வந்தாள்.

கணவர் பாலேந்திரனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அவர் கத்துகிற மனிதரில்லை. கத்துகிறவராக இருந்தால் அவள் எப்போதோ சொல்லியிருப்பாள். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, "சரியப்பா, பாப்பம்" என்பார். பிறகு நித்திரை கொள்ளமாட்டார். அதுதான் பிரச்சினை.

கலியாணம் முடித்த முதல் பத்து வருடம் அந்த மனிதர் நித்திரை கொண்டதை அவள் கண்டதில்லை. நோர்வேக்கு வந்த கடன், தங்கைகளைக் கட்டிக் கொடுத்த கடன், பகலில் ஒரு வேலை, பொழுதுபட்டால் இன்னொரு வேலை. கடைசிக் கடனைக் கட்டி முடித்த அன்று சோபாவில் சாய்ந்தவர் குறட்டை விட்டார். கதவு தேய்வதுபோல ஒரு சத்தம். அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கு வீட்டின் சுகத்தைச் சொல்கிற சத்தமாகிவிட்டது. இப்போது பஸ் ஓட்டுகிறார், ஒரே ஒரு வேலை, நன்றாக உறங்குகிறார். ஒரு கரண்ட் பில்லுக்காக அதை விற்க முடியாது.

"இண்டைக்கென்ன கோழியோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார் பாலேந்திரன். "விலை குறைச்சுப் போட்டிருந்தவங்களோ?"

"ஓம்," என்றாள். அந்தக் கோழி அந்த மாதத்தின் மிக விலையுயர்ந்த கோழி.

அடுத்த மாதம் கார்ட்டின் பில் வந்தது. அவள் அதை வீட்டுக் கணக்கிலிருந்து கட்டினாள். அதனால் வீட்டுக் கணக்கு குறைந்தது. அதைக் கார்ட்டால் நிரப்பினாள். இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாறி மாறி ஊற்றுவதுபோல இருந்தது. நடுவில் நின்ற வங்கி ஒவ்வொரு தடவையும் ஒரு மிடறு குடித்தது.

ஒருநாள், வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே ஒற்றை விரலால் காசு மாற்றியபோது, விரல் ஒரு வரி தவறி விழுந்தது. வீட்டுக் கணக்குக்குப் போகவேண்டிய மூவாயிரம் குறோணர், பேர்கனில் தாதிப் படிப்புப் படிக்கிற மகள் ராகவியின் கணக்குக்குப் போய்விட்டது. அவள் விரிப்பைக் கீழே போடுமுன் கைபேசி அடித்தது.

"மம்மா! தூசன் தக், கனக்க நன்றி! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னெண்டு?"

"என்ரை ஜாக்கெட் சிப் உடைஞ்சு ஊசி குத்திப் போட்டுக்கொண்டு திரியிறன். அப்பாவுக்குச் சொல்ல விருப்பமில்லாமல் இருந்தனான். இஞ்சை ஒவ்வொரு நாளும் மழை மம்மா. நீங்கள் கனவு கினவு கண்டனீங்களோ?"

காசைத் திருப்பி அனுப்பு என்று சொல்ல வாயைத் திறந்த சத்தியபாமா, ஊசி குத்திய ஜாக்கெட்டை ஒரு கணம் மனதில் பார்த்தாள்.

"அம்மாமாருக்குத் தெரியும்," என்றாள். பிறகு வீட்டுக் கணக்குக்கு இன்னுமொரு மூவாயிரம் மாற்றினாள்.

அந்த வாரமே கார்ட் நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது. 'வணக்கம் சத்தியபாமா! நீங்கள் எங்கள் சிறந்த வாடிக்கையாளர்களில் ஒருவர். உங்கள் கடன் எல்லையை உயர்த்தியுள்ளோம்.' இருபத்தேழு வருட நோர்வே வாழ்க்கையில் இவ்வளவு அன்பாக யாரும் அவளுக்கு எழுதியதில்லை. இரண்டு தடவை வாசித்துவிட்டு அழித்தாள்.

இனி இதை ஒரே அடியில் தீர்க்கவேண்டும் என்று நினைத்தபோதுதான் பூமணி அக்காவின் சீட்டு ஞாபகம் வந்தது.

பூமணி அக்கா ஸ்ட்ரோம்மனில் இருந்துகொண்டு வருடக்கணக்காகச் சீட்டு நடத்துகிற தாச்சி. பதினைந்து பேர், மாதம் இரண்டாயிரம். சேருகிற முப்பதாயிரத்தை மாதம் ஒருவர் எடுக்கலாம். ஆனால் ஏலத்தில் எடுக்கவேண்டும். யார் கூடுதலாகக் கழிவு விடுகிறாரோ அவருக்குச் சீட்டு. கழிவுக் காசை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் பூமணி அக்கா ஒரு கைபேசியிலும் அவருடைய கணவர் யோகநாதன் இன்னொன்றிலுமாக எல்லோரையும் அழைத்து ஏலம் நடத்துவார்கள். ஞாயிறு மதியம் பாலேந்திரன் பஸ்ஸில் இருப்பார். சத்தியபாமாவுக்கு அதைவிட வசதி வேறென்ன?

"என்ரை பேரிலை ஒண்டு போடுங்கோ அக்கா. ஆனால் இவருக்கு ஒரு சொல்லும் போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"பாமா, அவரோடை ஒருக்கா இருந்து கதைச்சுப் பாரன்."

"சத்தியம் பண்ணுங்கோ எண்டு கேட்டனான்."

"சரி, சத்தியம். என்னட்டைச் சீட்டுக் கட்டுற ஆக்கள் எல்லாருக்கும் நான் சத்தியந்தான் பண்ணிக்கொண்டிருக்கிறன்."

சீட்டுக் காசு இரண்டாயிரம் மாதாமாதம் வீட்டுக் கணக்கிலிருந்து போனது. அதைக் கார்ட் நிரப்பியது. அதைக்கூட அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது, அதே நாட்களில் இன்னுமொரு இரண்டாயிரமும் காணாமல் போகத் தொடங்கியதுதான். பார்த்தால் பாலேந்திரன் தன் தனிக் கணக்குக்கு மாற்றியிருக்கிறார். இந்த மனிதர் வங்கிக் கணக்கைத் திறப்பதே பல் டொக்டரிடம் போவதுபோல, கட்டாயமென்றால் மட்டும்.

"இஞ்சாருங்கோ, கணக்கிலையிருந்து ஏதும் எடுத்தனீங்களோ?" உப்புக் கேட்பதுபோல் கேட்டாள்.

பாலேந்திரன் சோற்றைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த சோறு. "அது... தொழிற்சங்கக் காசு கூட்டிப்போட்டாங்கள்."

அந்த மனிதருக்குப் பொய் சொல்லவே வராது. காது மடல் சிவந்துவிடும். சிவந்தது. திருகோணமலையில் இருக்கும் கடைசித் தங்கச்சிக்கு அனுப்புகிறார் என்று சத்தியபாமா விளங்கிக்கொண்டாள். போன வருடந்தான், இனி அவர்கள் தங்கள் காலில் நிற்பார்கள் என்று அவரே வாயால் சொன்னார். இப்போது சொன்ன சொல்லை மாற்ற வெட்கப்படுகிறார் போல. கேட்டால் கூனிப்போவார். அவள் கேட்கவில்லை. அந்த இரண்டாயிரத்தையும் கார்ட்டால் நிரப்பினாள். அவர் வெட்கத்தையும் சேர்த்துத் தன் கார்ட் சுமக்கட்டும் என்று நினைத்தபோது, விநோதமாக, அவர்மேல் அன்பு கூடியது.

ஆனால் மறைப்பது என்பது வீட்டுக்குள் ஒரு ஆளைக் கூட்டிவந்து வைத்திருப்பதுபோல. சாப்பாட்டு மேசையில் அதற்கும் ஒரு இடம் விட்டு உட்காரவேண்டியிருந்தது. கொஞ்ச நாளாக அவருடைய குறட்டையும் கேட்கவில்லை. தலையணை மாற்றியதால் இருக்கும் என்று பழைய தலையணையைத் தேடி எடுத்துப் போட்டாள். கடையில் கோப்பி வாங்குவதை விட்டுவிட்டுப் பிளாஸ்கில் தேநீர் கேட்டார். சீனி வருத்தத்துக்குப் பயப்படுகிறார் என்று சீனியைக் குறைத்தாள்.

முதல் ஏலம் பெப்ரவரியில்.

"பாமா, மற்ற ஆள் நாலாயிரம் கழிவு எண்டு நிக்குது," என்றார் பூமணி அக்கா. பின்னால் யோகநாதன் அண்ணை மற்றக் கைபேசியில் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஆரக்கா அந்த மற்ற ஆள்?"

"தாச்சியட்டை அதைக் கேக்கக்கூடாது. டொக்டரட்டைப் போய் மற்ற ஆக்களின்ரை வருத்தத்தைக் கேக்கிறனியே?"

"நாலாயிரத்து ஐந்நூறு."

"மற்ற ஆள் ஐயாயிரம்."

"அந்தாளுக்கு அப்பிடி என்ன அவசரமாம்?"

"உனக்கு என்ன அவசரம் எண்டு அங்காலையும் கேக்குது."

ஆறாயிரம் வந்ததும் சத்தியபாமா விலகினாள். அதே கணத்தில் மற்ற ஆளும் பயந்து விலகிவிட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் மாலைப் பிரசங்கத்துக்கு வந்தவர்போல் காத்திருந்த இன்னொரு சீட்டுக்காரர் பேனாட், ஆறாயிரத்து நூறு என்று சொல்லிச் சீட்டைத் தட்டிக்கொண்டு போனார்.

அன்று பாலேந்திரன் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"ஸ்னோ," என்றார். "ஒரே ஸ்னோ. நீர் ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்?"

"ஸ்னோதான்," என்றாள்.

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே நல்ல வெயில் எறித்தது.

மார்ச் மாத ஏலத்தில் அவள் பின்வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தாள். கார்ட் கடன் முப்பதாயிரத்தை முட்டிக்கொண்டிருந்தது. கணக்கிலே அடுத்த லோன் தவணைக்குக் காசில்லை. கார்ட்டிலே இடமில்லை. இந்தத் தடவை தவறினால் வங்கி கடிதம் போடும். கடிதம் அவர் கைக்குப் போகும். பிறகு அந்த வீட்டில் குறட்டையே இல்லை.

"ஐயாயிரம்," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"பொறு பாமா. மற்ற ஆள் இப்ப கதைக்க ஏலாதாம். இருபது நிமிஷம் பொறுக்கட்டாம்."

"இதென்ன கூத்து? ஏலத்துக்கு நடுவிலை எங்கை போட்டுது?"

"ஆளுக்கு அலுவல். நடுவிலை விட்டிட்டு வர ஏலாது."

இருபது நிமிடம் அவள் சமையலறைத் தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே பளபளத்த தட்டு. அந்த முகமில்லாத எதிரியை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அது கட்டாயம் பணக்கார ஆள். ஹாலிலே பெரிய ரீவி வைக்கவோ, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்ரர் பிடிக்கவோ சீட்டுக் கேட்கிற ஆள்.

கைபேசி அடித்தது. "ஆறாயிரமாம்."

"ஏழு."

மறுபடி இருபது நிமிடம். "ஏழரையாம்."

"எட்டு."

"பாமா, நான் தாச்சி, ஒண்டும் சொல்லக்கூடாது. எண்டாலும் சொல்லுறன், எட்டு வலு கூட."

"அந்தாள் என்ன சொல்லுது?"

"எட்டரை."

"ஒன்பது!" என்று கத்திவிட்டாள். முப்பதாயிரத்தில் ஒன்பதாயிரத்தைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

இந்தத் தடவை அரை மணித்தியாலம் ஆனது. மறுபடி அழைத்தபோது பூமணி அக்காவின் குரல் ஏதோ மாதிரி இருந்தது, மூக்கடைத்ததுபோல.

"உனக்குத்தான் பாமா. மற்ற ஆள் விட்டிட்டுது."

"உண்மையாவோ? என்ன சொன்னது?"

"'ஒன்பது வரை போற அளவுக்கு அந்தாளுக்கு என்ன கஷ்டமோ, பாவம், எடுக்கட்டும். நான் வேறை வழி பாக்கிறன்' எண்டு சொன்னது."

சத்தியபாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் திட்டித் தீர்த்த ஆள். அதுவும் தன்னைப்போல ஏதோ ஒரு சமையலறையில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்குமோ? வேறு என்ன வழி பார்க்கும்? அன்று மாலை சாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போது, மகளுக்கும் கணவனுக்கும் பிறகு, 'அந்த மற்ற ஆளுக்கும்' என்று சேர்த்துக்கொண்டாள். பாலேந்திரன் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்ததை அவள் குளிர் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பாலேந்திரன் வேலைக்குப் போன பிறகு காசு கொண்டுவருவதாகப் பேச்சு. பூமணி அக்காவும் யோகநாதன் அண்ணையும் சொன்ன நேரத்துக்கு வந்து மணியடித்தார்கள். கதவைத் திறந்தது பாலேந்திரன். வேலைநேரத்தை மாற்றிவிட்டதாகச் சற்று முன்புதான் அவருக்குச் செய்தி வந்திருந்தது.

"நீங்களோ!" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் நெற்றியில் வியர்வை வந்ததைச் சத்தியபாமா கண்டாள். காய்ச்சலோ?

பூமணி அக்கா வாசலிலேயே நின்று, பாலேந்திரனை ஒரு பார்வை, பாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வந்தனாங்கள். பயத்தம் பணியாரம் கொஞ்சம் சுட்டனான்," என்றார். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

டப்பா மேசைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. தேநீர் வந்தது. யோகநாதன் அண்ணை விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துத் தோய்த்து, உலகத்தில் வேறொன்றும் இல்லாததுபோல் சாப்பிட்டார்.

"நேரமாகுதோ அக்கா?" என்றாள் சத்தியபாமா. அவர்கள் வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"ஓமோம், ஸ்ட்ரோம்மன் பக்கம் றோட்டு வேலை நடக்குது, வெள்ளெனப் போறதுதான் நல்லது," என்று பாலேந்திரனும் எழும்பினார். "நான் கார் வரைக்கும் வாறன் அண்ணை. இப்பவே வாறன்."

வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியறியாத மனிதர்! சத்தியபாமா வியந்தாள். ஆனாலும் நன்றியோடு, "ஓம், கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

யோகநாதன் அண்ணை எழும்பவில்லை. "பணியாரத்தைத் திறக்கேல்லையோ?" என்றார்.

"இஞ்சரப்பா!" என்று பூமணி அக்கா அவர் முழங்காலில் தட்டினார்.

தட்டியது பிந்திவிட்டது. விருந்தாளி கேட்டால் மறுக்கத் தெரியாத பாலேந்திரன் டப்பாவின் மூடியைக் கழற்றியிருந்தார். உள்ளே ரப்பர் போட்டுக் கட்டிய நோட்டுகள்.

பக்கத்து பிளாட்டில் யாரோ வக்கியூம் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சத்தியபாமாவுக்கு ஒரு பொய்யும் வரவில்லை. அழுகை வந்தது.

"கோவிக்காதேங்கோ," என்றாள். "நான்தான் சீட்டு எடுத்தனான். கரண்ட் பில்லோடை கணக்கு குறைஞ்சுபோச்சு. கார்ட்டாலை நிரப்பினன். பிறகு கார்ட்டுக்குக் கட்டக் கணக்கு குறைஞ்சுது. அதையும் கார்ட்டாலை நிரப்பினன். உங்களுக்குச் சொன்னால் நித்திரை கொள்ளமாட்டியள் எண்டுதான்... ஒன்பதாயிரம் கழிவு விட்டு எடுத்தனான். அந்த மற்ற ஆள், ஆரெண்டு தெரியாது, நல்ல மனம். எனக்காக விட்டுத் தந்தது. அந்தாளுக்கும் என்ன கஷ்டமோ!"

பாலேந்திரன் டப்பாவின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. இரண்டு காதும் செக்கச் சிவந்திருந்தன. போச்சு, நித்திரை போச்சு என்று நினைத்தாள் அவள்.

பூமணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. யோகநாதன் அண்ணை கடைசி விசுக்கோத்தைத் தேநீரிலிருந்து எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, பாலேந்திரனை அண்ணாந்து பார்த்தார்.

"பிறகேன் தம்பி நிண்டுகொண்டு யோசிக்கிறீர்? 'மனிசியின்ரை கார்ட் பில் கண்ணிலை பட்டிட்டுது, அவவுக்குத் தெரியாமல் அந்தக் கடனைக் கட்டிவிடவேணும், எப்பிடியும் இந்தச் சீட்டை எனக்கு எடுத்துத் தாங்கோ அண்ணை' எண்டு பஸ் திருப்புற இடத்திலை நிண்டு நீர் கெஞ்சின காசு மேசைக்கு வந்திட்டுது, ஒன்பதாயிரந்தான் குறையுது."